படிச்ச ராசாக்களின்ர வெள்ளிக் குத்தி: கனபேர் கேக்கிற கேள்வியளும் என்ர பதிலும்

நான் நல்லூர்ப் பக்கத்து ஆள். வேலை வேற, இது பொழுதுபோக்கு. வெள்ளியில அடிச்ச ஞாபகார்த்தக் குத்தி, அதாவது நாணயம், சேர்க்கிறன், அதிலயும் எல்லாம் இல்லை, படிச்ச ராசாக்கள், எழுதின ராசாக்கள், பள்ளிக்கூடம் கட்டின ராசாக்கள், இவையளின்ர குத்தி மட்டும். இது ஊருக்குள்ள தெரிஞ்சு போச்சு. கலியாணவீட்டில பந்தியில இருந்தாலும் ஆராவது பக்கத்தில வந்து "தம்பி, என்னட்டையும் ஒண்டு கிடக்கு, அண்ணர் ஜேர்மனியில இருந்து குடுத்துவிட்டவர், நல்ல விலை போகுமோ" எண்டு தொடங்குவினம். திருப்பித் திருப்பி அதையே சொல்லி வாய் நொந்துபோய்த்தான் இதை எழுதிப் போடுறன்.

ஞாபகார்த்தக் குத்தி எண்டால் என்ன? கடையில குடுத்துச் சாமான் வாங்கலாமோ?

ஒரு ஆளையோ நிகழ்ச்சியையோ நினைச்சு ஒரு நாட்டின்ர அரசாங்கமோ மத்திய வங்கியோ அடிச்சு விடுறதுதான். அதில ஒரு பெறுமதி போட்டிருக்கும், சட்டப்படி அது காசுதான், ஆனா ஒருத்தரும் கொண்டுபோய் பாண் வாங்கிறேல்லை, ஏனெண்டால் உள்ளுக்க கிடக்கிற வெள்ளி அந்தப் பெறுமதியை விடக் கூட. எங்கட நாட்டில 1957இல புத்த ஜயந்திக்கு ஒரு அஞ்சு ரூபாக் குத்தி வந்தது, 925 வெள்ளி, 28.28 கிராம். பழைய வீடுகளில லாச்சிக்குள்ள இப்பவும் கிடக்கும், தேடிப் பாருங்கோ. அஞ்சு ரூபா எண்டு போட்டிருக்கிறதைப் பாத்துப் பிள்ளையளுக்கு விளையாடக் குடுத்த வீடும் எனக்குத் தெரியும்.

அரசாங்கம் அடிக்காமல் தனியார் அடிச்சால்?

அது பதக்கம். வெள்ளி நல்ல வெள்ளியாவே இருக்கலாம், ஆனா குத்தி இல்லை. நாட்டின்ர பேரும் பெறுமதியும் இருக்கோ எண்டு முதல்ல பாருங்கோ.

ஏன் படிச்ச ராசாக்கள் மட்டும்? வாளோட குதிரையில நிக்கிறவைதானே வடிவு?

வடிவுதான், ஆனா வாளோட நிக்கிற ராசா உலகம் முழுக்க ஒரே மாதிரித்தான் இருப்பார். கையில புத்தகத்தோட நிக்கிற ராசாவைக் குத்தியில கண்டால் "இவர் என்ன எழுதினவர்?" எண்டு தேடத் தோணும், அந்தத் தேடல்தான் எனக்கு ருசி. வெள்ளி சேர்க்கவேணும் எண்டால் கஸ்தூரியார் வீதியில போய் வெள்ளிக் கட்டி வாங்கலாம், மலிவாவும் முடியும்.

அப்ப எந்தெந்த ராசாக்களின்ர குத்தி இருக்கு?

எல்லாம் சொல்ல ஏலாது, எனக்குப் பிடிச்ச கொஞ்சத்தைச் சொல்லுறன்.

யாரோஸ்லாவ். உக்ரேன்காரர் இவரை "அறிவாளி யாரோஸ்லாவ்" எண்டுதான் சொல்லுவினம். 11ஆம் நூற்றாண்டில கீவில இருந்து ஆண்டவர், எழுத்தில சட்டம் தொகுப்பிச்சவர், புனித சோபியா தேவாலயத்தில நூலகம் வைச்சவர், இரவு பகல் எண்டில்லாமல் புத்தகம் வாசிப்பார் எண்டு அந்தக் காலத்து நாளாகமம் சொல்லுது. உக்ரேன் தேசிய வங்கி 2001இல இவருக்கு 10 ஹிரிவ்னியா வெள்ளிக் குத்தி அடிச்சது. அந்த நாட்டுப் பழைய 2 ஹிரிவ்னியாத் தாளிலயும் இவர்தான் இருந்தவர், அதால சனத்துக்கு இவற்ற முகம் நல்ல பழக்கம்.

இங்கிலாந்தின்ர அல்பிரட். இவருக்கு முடிசூட்டி 1150 வருசம் எண்டு 2021இல 5 பவுண் குத்தி வந்தது, அதில வெள்ளிப் புரூப்பும் (கண்ணாடி மாதிரி மினுங்க அடிக்கிறது) உண்டு. வைக்கிங்காரரோட சண்டை பிடிச்சவர் எண்டு எல்லாருக்கும் தெரியும், ஆனா நான் வாங்கினது அதுக்கில்லை. லத்தீனில கிடந்த நூல்களைத் தன்ர சனம் கதைக்கிற மொழிக்குக் கொண்டுவரவேணும் எண்டு ஒற்றைக் காலில நிண்டவர், அதுக்குத்தான்.

கந்தெமிர். இந்த ஆளின்ர கதையைக் கேட்டால் சிரிப்பும் வரும் கவலையும் வரும். மொல்தாவிய நாட்டு இளவரசர், 1673இல பிறந்தவர். சின்ன வயசிலயே இஸ்தான்புல்லில பணயமாப் பிடிச்சு வைச்சிருந்தவை, அங்க இருந்துகொண்டே கனக்க மொழி படிச்சு, துருக்கிச் சங்கீதம் படிச்சு, அதை எழுதிவைக்க ஒரு குறியீட்டு முறையும் உண்டாக்கி, பேந்து ஒட்டோமான் பேரரசின்ர வரலாற்றை லத்தீனில எழுதினவர். நாட்டை ஆண்டது 1693இல ஒரு மூண்டு கிழமையும் 1710, 1711இல ஒரு வருசத்துக்கும் குறைவும்தான். ஆட்சி போச்சு, எழுத்து நிண்டுது. மொல்டோவாவும் ருமேனியாவும் இவருக்கு வெள்ளிக் குத்தி வெளியிட்டிருக்கு, ரெண்டு நாடும் எங்கட ஆள் எண்டு சொல்லுது, எங்கட ஊரில ஒரு புலவர் எந்த ஊர்க்காரர் எண்டு ரெண்டு ஊர்ச்சனம் பிடுங்குப்படுற மாதிரி.

ஹங்கேரியின்ர மத்தியாஸ். நூலகப் பைத்தியம். இத்தாலியில எழுத்தாளரையும் ஓவியரையும் வைச்சு எழுதுவிச்ச புத்தகங்களாலயே அந்தக் காலத்து ஐரோப்பாவில பேர்போன நூலகம் ஒண்டைக் கட்டினவர். 1490இல அவர் செத்தாப்பிறகு அது சிதறிப் போச்சு, மிச்சம் கிடக்கிற புத்தகங்களை இப்பவும் நாடு நாடாத் தேடி எண்ணுகினம். 1990இல 500ஆம் ஆண்டு நினைவுக்கு 500 ஃபொரிண்ட் வெள்ளிக் குத்தி வந்தது. நூலகம் எரிஞ்ச ஊரில இருந்துகொண்டு இந்தக் குத்தியைக் கையில பிடிக்கேக்க என்னவோ செய்யும், அதை எப்பிடி எழுத்தில சொல்லுறது எண்டு எனக்குத் தெரியேல்லை.

கடைசியா போலந்தின்ர யாட்விகா ராணி. ராசாக்கள் எண்டு தலைப்புப் போட்டுட்டு ராணியைக் கொண்டுவாறன் எண்டு சண்டைக்கு வராதேங்கோ. 1399இல இருபத்தஞ்சு வயசுக்கிட்டச் செத்தவா. தன்ர நகையெல்லாத்தையும் கிராக்கோவ் பல்கலைக்கழகத்தைத் திருப்பிக் கட்டி எழுப்பக் குடுங்கோ எண்டு எழுதிவைச்சவா, 1400இல அது திருப்பித் திறந்தது. அவவின்ர கல்லறையைத் திறந்து பாக்கேக்க செங்கோலும் ராசாக்கள் கையில பிடிக்கிற உருண்டையும் மரத்திலயும் தோலிலயும் செய்து பொன்முலாம் பூசினதாத்தான் இருந்ததாம், நிசமான பொன் படிப்புக்குப் போட்டுது. தாலிக்கொடியை அடைவு வைச்சு மகனைக் கம்பஸுக்கு அனுப்பின அம்மாமார் இருக்கிற ஊர் இது, இந்தக் கதையை இஞ்ச ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. போலந்து 1988இல இவவுக்குக் குத்தி அடிச்சது. அதுக்கு முதல் வருசம் அந்தப் பல்கலைக்கழகத்தை 1364இல தொடக்கின கசிமிர் ராசாவுக்கு அடிச்சது.

இதில ஒரு பொறி கிடக்கு, கவனம். கசிமிரின்ர குத்தி 500 சுவோட்டியா வெள்ளியில வந்தது, 100 சுவோட்டியா செம்பு நிக்கலிலயும் வந்தது. படம் மட்டும் பாத்துட்டு வெள்ளி எண்டு விலை சொல்லுவினம், சில பேருக்கு உண்மையாவே தெரியாது, சில பேருக்கு வடிவாத் தெரியும். பெறுமதி இலக்கத்தைப் பாருங்கோ.

இந்தியாவின்ர ராசராச சோழன் குத்தி உங்கட கணக்கில வருமோ?

வராது எண்டுதான் நான் நினைக்கிறன், சண்டைக்கு ஆள் வரும் எண்டும் தெரியும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் வருசம் எண்டு 2010ஆம் ஆண்டைப் போட்டு இந்தியா ஒரு 1000 ரூபாக் குத்தி அடிச்சது, 35 கிராம், 44 மில்லிமீற்றர், 80 வீதம் வெள்ளி. நல்ல பெரிய குத்தி. ஆனா அது கோயிலுக்கான குத்தி. தேவாரத்தைத் தேடி எடுப்பிச்சவர்தானே எண்டு கேப்பீங்கள், சரி, அந்தக் கணக்கில வேணுமெண்டால் சேருங்கோ, என்ர பெட்டியில அவர் வேற தட்டில இருக்கிறார், அவ்வளவுதான்.

எங்கட யாழ்ப்பாண ராசாக்களுக்கு வெள்ளிக் குத்தி இல்லையோ?

கூடக் கேக்கிற கேள்வி இதுதான். மத்திய வங்கி அடிச்சது ஒண்டும் இல்லை. சங்கிலியன் படம் போட்ட வெள்ளி வட்டம் ஆராவது காட்டினால் அது பதக்கம், மேல சொன்னதைப் பாருங்கோ.

ஆனா படிச்ச ராசாக்கள் எண்டு பாத்தால் எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் குறைஞ்சவை இல்லை. ஆரியச்சக்கரவர்த்திமார் செகராசசேகரன், பரராசசேகரன் எண்டு மாறி மாறிப் பட்டம் வைச்சுக்கொண்டவை, அந்தப் பட்டப்பேரிலயே நூல்கள் இருக்கு, செகராசசேகரம் வைத்தியம், செகராசசேகரமாலை சோதிடம், பரராசசேகரமும் வைத்தியம். வேற நாட்டு ராசாக்களின்ர பேரில கோட்டை இருக்கும், எங்கட ராசாவின்ர பேரில கசாயம் இருக்கு. காளிதாசன்ர இரகுவம்சத்தைத் தமிழ்ப் பாட்டாப் பாடின அரசகேசரி ராசகுடும்பத்து ஆள், நீர்வேலியில அவற்ற பேரில பிள்ளையார் கோயில் இப்பவும் இருக்கு. அல்பிரட் லத்தீனில இருந்து செய்ததை இவர் சமஸ்கிருதத்தில இருந்து செய்தவர், அவருக்கு 5 பவுண் வெள்ளி, இவருக்கு ஒரு தபால் முத்திரைகூட இல்லை எண்டு எனக்கு ஒரு எரிச்சல்.

இன்னொண்டும் சொல்லவேணும். 1450 அளவில யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச சப்புமல் குமாரயா, நாங்கள் செண்பகப் பெருமாள் எண்டு சொல்லுற ஆள், அவரை அனுப்பின கோட்டை இராச்சியத்து ராசா ஆறாம் பராக்கிரமபாகுவும் புலவர்களை வைச்சுக் காப்பாத்தினவர்தான். அந்தக் காலத்துச் சிங்களத் தூது நூல் ஒண்டில தெற்குக் கரையில தேவேந்திரமுனையில இருந்து ஒரு குயில் யாழ்ப்பாணத்துக்குத் தூது கொண்டு பறந்து வரும். அதுக்கும் முந்தி தம்பதெனியாவில ரெண்டாம் பராக்கிரமபாகு இருந்தவர், பெரிய பண்டிதர், காவியம் எழுதினவர் எண்டு சொல்லுவினம். இவையளையும் அரசகேசரியையும் சேத்து ஒரு செற் அடிச்சால் முதல் ஆளா லைனில நிண்டு வாங்குவன்.

யாழ்ப்பாண ராசாக்கள் அடிச்ச சேதுக்காசு வெள்ளியோ?

நான் கையில பிடிச்சதெல்லாம் செம்பு. ஒரு பக்கம் ஆள் நிக்கும், மற்றப் பக்கம் படுத்திருக்கிற நந்தி, மேல பிறை, கீழ "சேது" எண்டு தமிழெழுத்து. சின்னன், தேய்ஞ்சு போயிருக்கும், ஆனா அந்த ரெண்டெழுத்தை வாசிக்கேக்க வாற சந்தோசம் எந்தப் புரூப் குத்தியிலயும் வராது. வெள்ளி இஞ்ச புதுசு எண்டும் இல்லை, அதுக்கும் கனகாலம் முந்தின முத்திரை குத்தின காசுகள் கந்தரோடைப் பக்கம் எடுபட்டிருக்கு.

தோட்டம் கொத்தேக்க பழைய காசு ஒண்டு எடுத்தனாங்கள். விக்கலாமோ?

வேண்டாம். 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, நிலத்துக்குள்ள கிடந்து எடுபடுற தொல்பொருள் அரசாங்கத்தின்ர சொத்து, அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோகவும் ஏலாது. லண்டன் மச்சானின்ர சூட்கேசுக்குள்ள வைச்சு அனுப்பிற யோசனையை விட்டுட்டு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கோ. எடுத்த இடத்தையும் எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ, காசைவிட அது எங்க கிடந்தது எண்டதுதான் ஆராயிற ஆக்களுக்கு முக்கியம். கழுவவே கூடாது.

925 எண்டால் என்ன? ஒரு அவுன்ஸ் எண்டு சொல்லிப்போட்டு 33 கிராமுக்கு மேல நிறுக்குதே, ஏன்?

ஆயிரத்தில 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு, சுத்த வெள்ளி மெத்தெண்டு இருக்கும் எண்டதால கலக்கிறது. வெள்ளிக்கு அவுன்ஸ் எண்டால் 31.1 கிராம். உக்ரேன் குத்தியில சுத்த வெள்ளி மட்டும் 31.1 கிராம் இருக்கவேணும் எண்டால் கலப்போட சேத்து 33.62 கிராம் வரும், ஏமாத்து ஒண்டும் இல்லை. 28.28 கிராம் அஞ்சு ரூபாவில 26.16 கிராம் வெள்ளி. இந்தியாவின்ர பழைய 100 ரூபா ஞாபகார்த்தக் குத்தியளை எடுத்தால் 35 கிராம் நிறுக்கும், ஆனா பாதிதான் வெள்ளி, 17.5 கிராம். பாரத்தைப் பாத்து மயங்காதேங்கோ, பெருக்கிப் பாருங்கோ.

போலி எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

நானே ஒருக்கா நல்லா வாங்கிக் கட்டினனான். ஒன்லைனில ஒருத்தர் போட்டிருந்தார், விலையும் கொஞ்சம் குறைவு, கப்சூல், சேர்ட்டிபிக்கேற், நீல வெல்வெற் பெட்டி எல்லாம் இருந்தது, நான் பெட்டியைப் பாத்து மயங்கினன். வந்தது வெள்ளி பூசின செம்பு. காசும் போச்சு, ஆளும் போச்சு.

அண்டையில இருந்து நான் செய்யிறது இதுதான். முதல்ல நிறுக்கிறது, 0.01 கிராம் காட்டுற சின்னத் தராசு காணும். விட்டத்தையும் தடிப்பையும் அளக்கிறது. பேந்து தண்ணி ரெஸ்ற். தராசில ஒரு கப் தண்ணி வைச்சுப் பூச்சியமாக்குங்கோ, குத்தியை மெல்லிய நூலில கட்டி, அடியிலயும் பக்கத்திலயும் முட்டாமல் தண்ணிக்குள்ள தொங்கவிடுங்கோ, தராசு ஒரு இலக்கம் காட்டும். 28.28 கிராம் 925 வெள்ளி எண்டால் 2.73 கிட்டக் காட்டவேணும். 3.1 தாண்டினால் அது செம்போ செம்பு நிக்கலோ, வெள்ளி இல்லை. படிச்ச ராசாவின்ர குத்தியைச் சோதிக்க ஆர்க்கிமிடிஸ்தான் வரவேண்டிக் கிடக்கு. ஆனா புரூப் குத்தியை இப்பிடித் தண்ணியில போடாதேங்கோ, அதுக்கு அளவும் எடையும் பாக்கிறதோட நிப்பாட்டுங்கோ.

காந்தம் ஒட்டினால் கட்டாயம் போலி, ஒட்டாட்டில் நல்லது எண்டு சொல்ல ஏலாது, செம்பிலயும் ஒட்டாதுதானே. கன்னாதிட்டி நகைக்காரரிட்டக் குடுத்து உரைச்சுப் பாக்கலாமோ எண்டு ஒரு அக்கா கேட்டவா. ஐயோ அக்கா, உரைகல்லில தேய்ச்சால் குத்தி அதோட சரி.

திருப்பி வித்தால் லாபம் வருமோ?

மூண்டு விலை இருக்கு. முகத்தில போட்டிருக்கிறது, உள்ளுக்க கிடக்கிற வெள்ளியின்ர விலை, சேர்க்கிற ஆள் தாற விலை. நகைக்கடையில கொண்டுபோனால் ரெண்டாவதுதான், அதிலயும் கழிவு போகும், அவையைக் குறை சொல்ல ஏலாது, அவைக்கு யாரோஸ்லாவும் ஒண்டுதான் அறுந்த கொலுசும் ஒண்டுதான். மூண்டாவது விலைக்கு அந்த விசர் பிடிச்ச இன்னொரு ஆளைக் கண்டுபிடிக்கவேணும். அவசரக் காசுக்கு நகைதான் நல்லது, அடைவாவது வைக்கலாம்.

புரூப் எண்டால் நல்ல கொண்டிசன் எண்டோ அர்த்தம்?

இல்லை, அது அடிக்கிற விதம். மினுக்கின அச்சால ரெண்டு தரமாவது அழுத்தி அடிப்பினம், தளம் கண்ணாடி மாதிரி இருக்கும். விரல் வைச்சால் அந்த ரேகை நிரந்தரமா நிக்கும். விளிம்பில பிடியுங்கோ.

குத்தி கறுத்துப் போச்சு, விபூதி போட்டு மினுக்கலாமோ?

அம்மா ஒருக்கா எனக்கு உதவி செய்யிறன் எண்டு திருவிழாக்கு விளக்கு மினுக்கேக்க அதோட சேத்து ரெண்டு குத்தியையும் மினுக்கிவிட்டவா. பளபளவெண்டு கொண்டுவந்து தந்தா. நான் ஒண்டும் சொல்லேல்லை, சொல்லி என்ன செய்ய. விபூதி, புளி, பற்பசை எல்லாம் மேற்பரப்பைச் சுரண்டும், பூதக்கண்ணாடியில பாத்தால் கீறல் கீறலாத் தெரியும், சேர்க்கிற ஆள் பாதி விலையும் தராது. கறுப்பு எண்டது காத்தில கிடக்கிற கந்தகம் வெள்ளியோட சேர்ந்து வாறது, சீராப் பிடிச்ச கறுப்பைச் சில பேர் விரும்பியும் வாங்குவினம். அப்பிடியே விடுங்கோ.

எங்க வைக்கிறது?

ரப்பர் பாண்டிலயும் கம்பளித் துணியிலயும் கந்தகம் இருக்கு, கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ. பேப்பரில சுத்தாதேங்கோ. மணக்கிற மெத்துப் பிளாஸ்ரிக் உறை, முந்தி அல்பங்களில வந்தது, அது நாளாக நாளாகப் பச்சையாப் பிசுபிசுக்கும், குத்தியைத் திண்டுடும். கடினமான வட்டக் கப்சூல் வாங்கி, சிலிக்கா ஜெல் பக்கற்றோட மூடிப் பெட்டிக்குள்ள வையுங்கோ. எங்களுக்குச் சோளகம் வீசேக்க உப்புக்காத்து, வாடைக்கு ஈரம், வருசத்தில ரெண்டு தரமாவது ஜெல்லை மாத்தவேணும். உடுப்பு அலுமாரிக்குள்ள பூச்சி உருண்டையோட வைக்கிறதும் சரிவராது.

மருமகளுக்கு இந்த முறை விசயதசமிக்கு ஏடு தொடக்கிறம். இப்பிடி ஒண்டு குடுக்கலாமோ?

இதைவிடப் பொருத்தமான பரிசு இல்லை. நானும் என்ர தங்கச்சியின்ர மோளுக்கு யாட்விகாவைத்தான் குடுத்தனான், அவள் அரிசியில "அ" எழுதி முடிச்சிட்டு "இந்த அன்ரி ஆர்?" எண்டு கேட்டாள், நகை வித்துப் பள்ளிக்கூடம் கட்டின அன்ரி எண்டு சொன்னன். ஓட்டை போட்டுப் பென்டன் ஆக்கிப் போடலாமோ எண்டு தங்கச்சி கேட்டது, அது மட்டும் வேண்டாம். பிள்ளை கப்சூலைக் கழட்டாமல் இருக்க விளிம்பைச் சுத்தி ஒரு ரேப் ஒட்டிவிடுங்கோ, குத்தியில படாமல்.